அன்னக்கூடையில் விழுந்த முதல் சொட்டு

"இன்னாடா இது, மிஷினு அடிக்கிற மாரி கீது?"

சரியாக 4 நிமிடம் 20 விநாடி ஓடியிருந்தபோது அம்மா கேட்டது இது. மொத்தம் 11 நிமிடம் 40 விநாடி நீளமுள்ள ஒலித்துண்டு. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வெட்டி ஒட்டியது. ராயபுரத்தில் எங்கள் சந்து தண்ணீருக்காக விழித்திருக்கும் ஒரு நடுராத்திரியை, பேச்சும் பாட்டும் இல்லாமல், வெறும் சத்தங்களை அடுக்கியே கேட்க வைக்க வேண்டும் என்று ஆசை. தொழில்கார நண்பர்கள் நான்கு பேருக்கு முதலில் அனுப்பினேன். "செம ஃபீல் மச்சி" என்றார்கள். அந்தத் தெம்பில்தான் அம்மாவிடம் ஃபோனை நீட்டினேன்.

மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்டாள். அதே இடம் வந்ததும் கை நின்றது.

"பம்புதானே இது? யாரு அடிக்கிறா?"

"நான்தான்மா."

"பொய் சொல்லாத. மனுசன் அட்ச்சா இப்டி ஒரே சீரா வராது."

பிடித்துவிட்டாள். நான் நிஜமாக அடித்தது ஆறு தடவை. மீதி நாற்பது தடவையும் அந்த ஆறின் நகல்.

பிழைப்புக்கு நான் செய்வது வசனம் சுத்தம் பண்ணும் வேலை. வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் டயலாக் எடிட்டர். படப்பிடிப்பில் எடுத்த வசனத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமும், காக்கா கத்தும், லைட்மேன் இருமுவார். அத்தனையையும் துடைத்தெடுக்க வேண்டும். முழுக்கத் துடைத்துவிட்டால் வசனம் அந்தரத்தில் தொங்கும். அதனால் அந்த இடத்திலேயே யாரும் பேசாமல் ஒரு நிமிடம் எடுத்து வைத்திருக்கும் ரூம் டோனை அடியில் விரிப்போம். அதன்மேல் அட்மாஸ்: தெரு, டீக்கடை, கடல். அதற்கும் மேல் ஃபோலி ஆட்கள் வந்து காலடி, வளையல், பாத்திரம் என்று ஒவ்வொன்றாகப் போடுவார்கள். பகலெல்லாம் சத்தத்தைக் கழுவி ஊற்றிவிட்டு, சாயங்காலம் வேறு டப்பாவிலிருந்து சத்தத்தை எடுத்துப் பூசுகிற தொழில். அலுத்துப்போய்த்தான் இந்தத் தண்ணீர் ராத்திரியைத் தொட்டேன்.

முதல் தடவை ரெக்கார்டரை எடுத்துப் போனது ஒரு மார்ச் மாத ராத்திரி. கையடக்க ரெக்கார்டர், தலையில் குறுக்காக இரண்டு மைக், அதன்மேல் காற்று புகாமலிருக்க மயிர் மயிராக ஓர் உறை. சந்துப் பிள்ளைகள் அதற்கு நாய்க்குட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் வைத்தேன், அதாவது விநாடிக்கு 96,000 தடவை சத்தத்தை அளந்து எழுதிக்கொள்ளும். வழக்கமாக 48 போதும். ஆனால் பின்னால் ஏதாவது ஒரு சத்தத்தைப் பாதி வேகத்துக்கு இழுக்க வேண்டுமென்றால், ஒரு ஸ்தாயி கீழே போன பிறகும் மேல்பகுதி மழுங்காமலிருக்க இந்த 96 உதவும். ஒன்றரை மணிக்குக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல ராத்திரி அது. துறைமுகத்திலிருந்து கப்பல் ஒன்று சங்கு ஊதியது. காசிமேட்டுப் பக்கம் விசைப்படகுகள் கிளம்பும் டபடப சத்தம் காற்றோடு வந்து வந்து போனது. யாரோ ஒரு வீட்டில் குடத்தை நகர்த்தினார்கள். எல்லாம் கிடைத்துவிட்டது என்று நாலு மணிக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் சாலிகிராமத்தில் என் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டால் இருந்தது இதுதான்: எதிர்வீட்டு ஏசியின் வெளி யூனிட், கொசு ஒன்று, என் சட்டை உரசல், என் மூச்சு. கப்பல் எங்கே? தேடித் தேடி 2 மணி 17 நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஏசிக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. படகுகள் சுத்தமாக இல்லை. ஆனால் நான் கேட்டேனே! படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஏசியை ஒரு விநாடிகூடக் கேட்கவில்லையே! காதுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளத் தெரியும். மைக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. முன்னால் நிற்பது எதுவோ அதை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளும்.

ஸ்டூடியோவில் ஒரு பெரியவர் இருக்கிறார். டேப் காலத்து ஆள், எங்கள் எல்லோருக்கும் வெறும் 'சார்'. அவரிடம் புலம்பினேன். எடுத்ததை எடுத்தபடி போட்டால்தானே நேர்மை, வெட்டி ஒட்டினால் அது எங்கள் சந்தாக இருக்குமா என்றேன். சிரித்தார். "தம்பி, மைக்கை எங்க வெக்கலாம்னு யோசிச்சியே, அப்பவே ஆரம்பிச்சிடுச்சு உன் கைவேலை. இப்ப என்ன புதுசா கவலை?" என்றார். பிறகு டேப் வெட்டுவது பற்றிச் சொன்னார். கால் அங்குல டேப்பை ஒரு உலோகக் கட்டையில் பதித்து, பிளேடால் 45 டிகிரி சாய்வாக வெட்டுவார்களாம். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்'கென்று ஒரு துள்ளல் கேட்கும். சாய்த்து வெட்டினால் பழைய சத்தம் ஒழிய ஒழியப் புதுச் சத்தம் ஏறும். எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமலிருக்க முடியவில்லை. விநாடிக்கு 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 17 மில்லி விநாடி. நான் இன்றைக்கு மவுஸால் இரண்டு துண்டுகளின் விளிம்பை இழுத்துப் போடும் கிராஸ்ஃபேடும் பல சமயம் அந்த அளவுதான். அவர் பிளேடில் செய்ததைத்தான் நான் ஐம்பது தடவை தப்பாகச் செய்து, ஐம்பது தடவை 'அன்டூ' போட்டுச் செய்கிறேன்.

அப்புறம்தான் புரிந்தது, முதலில் நான் கட்ட வேண்டியது அமைதியை. மேலே வரப்போகும் சத்தங்களுக்கெல்லாம் தரை அதுதான்.

சென்னையில் அமைதியைப் பதிவு செய்ய முடியாது. 2000ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரையறை இருக்கிறது. அந்த 45 எப்படியிருக்கும் என்று கேட்க எங்கள் சந்துக்கு வராதீர்கள். ஆகவே நான் அமைதியைத் துண்டு துண்டாகச் சேகரித்தேன். கரண்ட் போன ஒரு ராத்திரி கிடைத்த பதினோரு விநாடி. மழை விட்ட பிறகு, நாய்கள் இன்னும் வெளியே வராத நேரத்தில் நாற்பது விநாடி. கடல் பக்கம் ஒரு சுவருக்குப் பின்னால் எடுத்த வெறும் காற்று. இவற்றை ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் கோத்து, நீளமான கிராஸ்ஃபேடுகளால் சேர்த்தேன்.

ஒரு சிக்கல். சின்ன ரெக்கார்டர்கள் எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு 'ஸ்ஸ்ஸ்' உண்டு. சத்தமான இடத்தில் அது தெரியாது. அமைதியைப் பதிவு செய்து ஒலியைக் கூட்டினால் அதுவும் கூடவே எழுந்து நிற்கும். ஒரு டிராக்கின் மேல் அதே அளவு 'ஸ்ஸ்ஸ்' உள்ள இன்னொரு டிராக்கைப் போட்டால் 3 டெசிபல் கூடும். எட்டு டிராக் அடுக்கினால் 9 டெசிபல். ஊரின் அமைதியை அடுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு மைக்கின் சீற்றத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரே நேரத்தில் இரண்டு டிராக்குக்கு மேல் ஓடவிடாமல், ஒன்று வர ஒன்று போகும்படி மாற்றினேன். அடுக்குவது என்றால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போடுவது என்று நினைத்திருந்தவனுக்கு இது முதல் அடி.

இன்னொன்று, சந்து முனை டிரான்ஸ்ஃபார்மர். அதன் 'ம்ம்ம்' என்கிற ஓசையை வேலையில் பார்த்தால் கை தானாக ஃபில்ட்டருக்குப் போகும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் அதற்கு இரண்டு மடங்காக 100 ஹெர்ட்ஸில் முனகும். இங்கே அதை வெட்டினேன், உடனே ராத்திரி செத்துவிட்டது. திரும்ப வைத்தேன். யோசித்துப் பார்த்தால் சிறு வயதிலிருந்து நான் தூங்கியது அந்தச் சுருதியில்தான். கனடா நாட்டு இசையமைப்பாளர் மரே ஷேஃபர் இதைக் கவனித்திருக்கிறார். மனதுக்கு வந்த ஒரு சுரத்தை முனகச் சொன்னால், 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள அமெரிக்கா, கனடா மாணவர்கள் ஒரு சுரத்திலும், 50 ஹெர்ட்ஸ் உள்ள ஐரோப்பிய மாணவர்கள் அதற்குக் கீழே இன்னொரு சுரத்திலும் போய் நின்றார்களாம், அந்தந்த ஊர் மின்சாரத்தின் சுருதிக்குப் பக்கத்தில். ஓர் ஊரில் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் யாருமே கேட்காத சத்தம் ஒன்று இருக்கும், மற்ற சத்தங்களெல்லாம் அதன்மேல்தான் உட்காரும் என்பது அவர் கட்சி. கச்சேரியில் தம்புரா நிற்கும்போதுதான் அது இருந்ததே தெரியும், அது மாதிரி.

சந்தின் எதிரொலிக்காக ஒரு காரியம் செய்தேன், இன்றைக்கும் திட்டு வாங்குகிறேன். ஓர் இடத்தின் எதிரொலி குணத்தைப் பிடிக்க அங்கே ஒரு பட்டாசோ பலூனோ வெடித்துப் பதிவு செய்தால் போதும். அந்த வெடிப்பு சுவர்களில் பட்டுச் சிதறி அடங்கும் விதத்தை மென்பொருள் எடுத்துக்கொண்டு, வேறெங்கோ எடுத்த சத்தத்தையும் அந்த இடத்தில் ஒலிப்பது போல ஆக்கித்தரும். எங்கள் சந்தின் அகலம் ஆறடி. சத்தம் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி. அந்தக் குறுகலான 'ட்ர்ர்ர்' சும்மா கிடைக்காது. ராத்திரி இரண்டே காலுக்கு ஊசியால் பலூனைக் குத்தினேன். அடுத்த ஒரு நிமிடத்தில் நான்கு நாய், ஒரு குழந்தை, மாடியிலிருந்து ஒரு தாத்தா. தாத்தா சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் பலூன் வெடித்த அந்த அரை விநாடி பொக்கிஷம். அதற்குப் பிறகு நான் குளியலறையில் எடுத்த பக்கெட் சத்தத்தைக்கூட எங்கள் சந்தில் கொண்டுபோய் வைக்க முடிந்தது.

ரயிலை மட்டும் நூலகத்திலிருந்து எடுக்கப் பார்த்தேன். நூலகம் என்றால் ஸ்டூடியோ ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஆயத்தச் சத்தங்கள். 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்று பள்ளியிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர்கள் நாங்கள், ரயில் இல்லாமல் எப்படி? நூலக ரயில் 'தடக் தடக்' என்று அழகாகப் போகிறது. 13 மீட்டர் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்ட காலத்துத் தாளம் அது. இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், ரயில் ஒரே இழுப்பாக ஊளையிட்டுப் போகிறது. பாதை பிரியும் இடத்தில் மட்டும்தான் நாலு தட்டு. அந்த நூலக ரயில் என் ராத்திரியை முப்பது வருடம் பின்னால் தள்ளியது. தூக்கிவிட்டேன். சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்து நிற்கும் சத்தம் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை கேட்கும், அது போதும்.

இப்போது அன்னக்கூடைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக் குழாய் தரைக்குக் கீழே ஒரு குழிக்குள் இருக்கும். வேகம் குறைவான தண்ணீர் மேலேறாது என்பதால் நாம் கீழே இறங்கிப் பிடிக்கிறோம். தண்ணீர் ராத்திரி ஒன்றரைக்கு வரலாம், மூன்றரைக்கும் வரலாம். அம்மா குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அதன் கீழே அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பாள். தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் அடைபட்ட காற்று வரும். முதலில் யாரோ பல்லிடுக்கில் ஊதுவது போல ஒரு சீற்றம், அப்புறம் இரண்டு விக்கல், ஒரு நிமிடம் ஒன்றுமேயில்லை. பிறகு கவிழ்த்த கூடையின் முதுகில் முதல் சொட்டு. 'டங்'. அம்மா எழுந்துவிடுவாள். பிளாஸ்டிக் பக்கெட் வைத்துப் பார்த்திருக்கிறாள், எழுப்பவில்லை. எவர்சில்வர் தட்டு வைத்தால் சத்தம் கூர்மையாக வந்து என்னையும் தங்கச்சியையும் எழுப்பிவிட்டது. அன்னக்கூடைதான் அவளை மட்டும் எழுப்பும். பாத்திரத்தின் சுருதி பார்த்து அலாரம் தேர்ந்தெடுத்தவளிடம்தான் நான் போய் ஒலி வடிவமைப்பு பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளெல்லாம் வறண்டு கிடந்தபோது நாள் கணக்கில் அந்தக் கூடை வாய் திறக்கவில்லை. அம்மா தூங்கவுமில்லை.

சீற்றம், விக்கல், இடைவெளி, 'டங்'. இந்த நான்கையும் நான் தொடவேயில்லை. வரிசையும் நேரமும் எடுத்தபடி. அந்த இடைவெளி நிஜத்தில் 52 விநாடி. ஒலித்துண்டு கேட்பவர்களுக்கு 52 விநாடி அதிகம், ஃபோனைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்று நண்பன் 15ஆக வெட்டச் சொன்னான். வெட்டிக் கேட்டேன். சொட்டு விழுந்தது, ஆனால் காத்திருந்த மாதிரி இல்லை. திரும்ப 52.

பம்பில்தான் மாட்டிக்கொண்டேன். கூடை அடித்ததும் வீட்டுக்குள் ஒன்றிரண்டு குடம் பிடிக்கலாம், அதற்குமேல் வேண்டுமென்றால் சந்து முனை அடிபம்புதான். (சென்னையில் 'ராத்திரி தண்ணி அடிச்சேன்' என்று ஆம்பிளை சொன்னால் ஓர் அர்த்தம், எங்கள் சந்துப் பெண்கள் சொன்னால் வேறு அர்த்தம்.) இரும்புப் பம்பு, உள்ளே தோல் வாஷர். காய்ந்து போயிருந்தால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது பிடிக்கும்வரை வேகமாக அடிக்க வேண்டும். 'கீச் சொக், கீச் சொக்'. நான் ஆறு அடி பதிவு செய்தபோது தெருமுனையில் லாரி திரும்பிவிட்டது. அந்த ஆறையே வெட்டி லூப் போட்டேன். தெரியாமலிருக்க ஒவ்வொன்றின் ஒலியளவையும் கொஞ்சம் மாற்றினேன், சுருதியை மயிரிழை நகர்த்தினேன், இரண்டு இடத்தில் வரிசையைக் கலைத்தேன். தொழில்காரர்கள் யாரும் பிடிக்கவில்லை.

லூப் என்பது இந்தக் கலையோடு கூடப் பிறந்தது. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்பவர் ரயில் எஞ்சின், பெட்டி, விசில் சத்தங்களை மட்டும் வைத்து ஓர் இசைத்துண்டு செய்து ஒலிபரப்பினார். (மேலே சொன்ன கனடாக்காரர் வேறு, இவர் வேறு. இந்தத் துறையில் இரண்டு பெரிய ஆட்களுக்கும் தமிழில் எழுதினால் ஒரே பெயராகிவிடுகிறது, என்ன செய்ய.) அப்போது அவரிடம் டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டில் வரி சுருளாக உள்ளே போகாமல், ஒரே வட்டமாகத் தன் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும்படி வெட்டிவிடுவார். ஊசி அதிலேயே சுற்றும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்று முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல். திரும்பத் திரும்பக் கேட்கும்போது அது ரயில் என்பது மறந்துபோய், சத்தம் மட்டும் மிஞ்சும் என்பது அவருக்குக் கிடைத்த கண்டுபிடிப்பு. எனக்குக் கிடைத்த அடியும் அதேதான். நாற்பது தடவை சுற்றியதில் அம்மாவுக்குப் பம்பு மறைந்துபோய் மிஷின் மிஞ்சிவிட்டது. ரயிலை மறக்க வைக்க நினைத்தவருக்கு அது வழி. பம்பை நினைவுபடுத்த நினைத்த எனக்கு?

"எப்டிமா வரும் அப்ப?" என்று கேட்டேன்.

"மொதல்ல காத்து வாங்கும், அப்ப பறப்பறன்னு அடிப்ப. தண்ணி புடிச்சதும் கனம் ஏறும். ஒரு கொடம் ரொம்பச் சொல்லோ கை மாத்துவ. அந்தக் கொடத்த எடுத்துட்டு அடுத்தத வெக்க ஒர்த்தி குனிவா, அதுக்காவ ஒரு அடி நிறுத்துவ. மூணாவது கொடத்துல உன் இடுப்பு உனுக்கே தெரியும்."

அடுத்த வாரம் அம்மாவே அடித்தாள். முட்டி வலியோடு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குடம் மாற்றினார். மூன்று குடம், நான் எண்ணியவரை 64 அடி. பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அடிக்கும் நடுவே அளந்து பார்த்தேன். பிடிக்கும்வரை அரை விநாடி. பிடித்த பிறகு முக்கால். மூன்றாவது குடத்தில் ஒரு விநாடியைத் தாண்டியது. கை மாற்றும் இடங்களில் 'கீச்' வேறு மாதிரி, இடது கைக்கு அம்மா கைப்பிடியைக் கொஞ்சம் உள்ளே பிடிப்பாள். 31ஆவது அடிக்கும் 32ஆவது அடிக்கும் நடுவே ஒரு பெருமூச்சு. வேலையில் என்றால் அதைத்தான் முதலில் துடைப்பேன். அப்படியே விட்டுவிட்டேன். இந்த 64 அடியிலும் ஒரு வெட்டு கிடையாது.

குடம் நிரம்பும் சத்தத்தில் மட்டும் நான் செய்த திருட்டு இன்னும் பிடிபடவில்லை. குடத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, மேலே மிஞ்சியிருக்கும் காற்று சுருங்கும், சுருதி ஏறும். ஒரே அகலமுள்ள நீளமான பாத்திரமென்றால் காற்றின் உயரம் பாதியாகும்போது ஏறத்தாழ ஒரு ஸ்தாயி ஏறியிருக்கும். குடத்துக்கு வயிறு பெரிது, கழுத்து சின்னது. அதனால் ரொம்ப நேரம் சோம்பலாக ஏறிக்கொண்டிருந்துவிட்டு, கழுத்துக்கு வந்ததும் விறுவிறுவென்று ஓடும். இருட்டில் பார்க்காமலே குடத்தை நகர்த்துகிறார்களே, இந்தக் கடைசி ஓட்டத்தைக் கேட்டுத்தான். என் பதிவில் அந்தக் கடைசி ஓட்டத்தின்மேல் ஒரு பைக் ஏறிப் போய்விட்டது. சாலிகிராமம் குளியலறையில் வேறு குடம் வைத்து, குழாயைப் பம்பு மாதிரி விட்டு விட்டுத் திறந்து எடுத்துப் பொருத்தினேன். பலூன் எதிரொலி காப்பாற்றியது. அம்மா படித்தாலொழிய தெரியாது. அவள் இதையெல்லாம் படிப்பதில்லை.

தண்ணீர் முழுசாக வந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதில் இரண்டு வாரம் தடுமாறினேன். கொட்டும் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு: கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்ணிலும் பரவி நிற்கும். அதன் முன்னால் மெல்லிய சத்தம் எதுவும் நிற்காது. நான் பார்த்துப் பார்த்து வைத்த டிரான்ஸ்ஃபார்மர், படகு, காற்று எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. முதலில் சண்டை போட்டேன். தண்ணீரின் நடுப்பகுதியைச் செதுக்கி, படகுக்கு வழிவிட்டு, ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கி வைத்தேன். தெளிவாகக் கேட்டது, உயிரில்லை. ஒரு ராத்திரி எரிச்சலில் எல்லா ஃபில்ட்டரையும் அணைத்துவிட்டுக் கேட்டபோது நினைவு வந்தது. தண்ணீர் வந்த பிறகு எங்களில் யார் கப்பலைக் கேட்டோம்? வரும்வரைதான் ராத்திரிக்குக் காது. வந்துவிட்டால் குடம், கை, வரிசை, அவ்வளவுதான். ஆகவே எட்டாவது நிமிடத்திலிருந்து தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தரையில் அது நின்று டிரான்ஸ்ஃபார்மர் திரும்ப வரும்போது, அது எவ்வளவு நேரம் இல்லாமலிருந்தது என்று தெரிகிறது.

ஒன்றை மட்டும் முழுசாக அழித்தேன். ஒரு பதிவில் வரிசைச் சண்டை விழுந்திருந்தது. அபாரமான மூன்று நிமிடம், எந்த வசனகர்த்தாவும் எழுத முடியாதது. ஆனால் அதில் ஒரு வீட்டு விஷயம் வெளியே வந்துவிட்டது. பேசியவர்களுக்கு ரெக்கார்டர் ஓடுவது தெரியாது. கார்டிலிருந்தும் அழித்தேன், பேக்கப்பிலிருந்தும்.

புது வடிவத்தோடு மறுபடி ராயபுரம். அம்மா கேட்டாள். பம்பு வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பெருமூச்சு வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். முடிந்ததும், "எல்லாம் கீது. கப்பல் எங்க?"

கப்பல் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. ஸ்டூடியோ ஸ்பீக்கரில் மேஜையே அதிரும். பிறகு உறைத்தது. 200 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல்களின் சங்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. அம்மாவின் ஃபோனிலுள்ள குட்டி ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. டிரான்ஸ்ஃபார்மரும் அவளுக்குக் கேட்டிருக்காது. நாலு லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் கலந்துவிட்டு, கேட்க வேண்டியவளுக்குக் கேட்காமல் செய்திருக்கிறேன். அதற்கு ஒரு வழி உண்டு. அடிச்சுருதி இல்லாவிட்டாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள் கேட்டால் மூளை விட்டுப்போன அடியைத் தானே நிரப்பிக்கொள்ளும். சங்கைக் கொஞ்சம் கரகரப்பாக்கினால் அந்த மேல் அதிர்வுகள் எழும். கரகரப்பு கூடிப்போனால் கப்பல் லாரியாகிவிடும். நாலு நாள் பிடித்தது. அதற்குப் பிறகு எதைக் கலந்தாலும் கடைசியில் அம்மாவிடம் இருப்பது போன்ற ஒரு பழைய ஃபோனில் போட்டுக் கேட்காமல் முடிப்பதில்லை.

மூன்றாவது தடவை கேட்டுவிட்டு அம்மா ஃபோனைத் திருப்பித் தந்தாள். நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அந்த டங்கு மட்டும் வெட்டிக் குடு."

"எதுக்கு?"

"ரிங்டோனு வெச்சிக்கறேன். இப்ப கீறது காதுல விழ மாட்டேங்குது."

வெட்டிக் கொடுத்தேன். 2 விநாடி, கூடையின் அதிர்வு அடங்கும்வரை விட்டு, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி. முதல் தடவை நான் ஃபோன் செய்தது ஒரு மத்தியானம். அம்மா எடுக்கவே நேரமாயிற்று. எடுத்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வாசலில் வந்து நிற்பதாகச் சொன்னாள்.